எல் சால்ட்டோவில் அறுந்த கிளட்ச் கேபிள்

மெக்சிகோவின் துராங்கோவிலிருந்து மசத்லானுக்கு ஆறு பைக்குகள் கிளம்பினோம். சுங்கச்சாலை 2013-லேயே வந்துவிட்டது, ஆனாலும் வளைவுகளுக்குப் பேர்போன பழைய 40-ஆம் எண் மலைச்சாலையில்தான் போவது என்று முடிவு. மெக்சிகோவில் ஊருக்கு ஊர் ‘தோப்பே’ என்ற வேகத்தடை, சிலது பெயின்ட்கூட இல்லாமல் திடீரென்று வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கிளட்ச் பிடித்து விட்டதில், எல் சால்ட்டோ என்ற ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லீவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. பார்த்தால் கேபிளின் நுனியை லீவரில் பிடித்து வைக்கிற ஈயக் குண்டு மட்டும் தனியாகக் கழன்று கிடக்கிறது, மாற்றுக் கேபிளோ வீட்டு அலமாரியில்.

நியூட்ரலில் இரண்டு பேர் தள்ள, உருளும்போதே முதல் கியரை மிதித்து, அப்புறம் ஆக்சிலேட்டரை லேசாக விட்டு விட்டு கியர் மாற்றி ஊர் வரை வந்துவிட்டேன். தோப்பேக்களை எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள்.

அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் ஒயர் இணைக்கிற கனெக்டர் பட்டை வாங்கி, பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்து, உள்ளே இருந்த இரட்டைத் திருகு பித்தளைத் துண்டை லீவர் துளைக்குத் தக்கபடி அரத்தால் தேய்த்தோம். கேபிள் சற்றுக் குட்டையாகிவிட்டதால் கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகிய பிறகுதான் எட்டியது. நுனியைப் பித்தளைக்குள் நுழைத்து, மிச்சத்தை மடக்கிவிட்டு, இரண்டு திருகையும் இறுக்கினேன். முதல் தடவை வழுக்கியது, மசகைத் துடைத்துவிட்டு இறுக்கியதும் பிடித்துக்கொண்டது.

மசத்லான் கடற்கரை வரை தாங்கியது.