சர்வரை மீண்டும் தொடங்கவிடாத பழைய இணைப்புகள்: காரணம் கண்டு சரிசெய்யும் முறை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் மாம்பழ சீசனின்போது, பெங்களூரா ரக மாம்பழ லோடு ஏற்றிய வண்டிகள் மாங்கூழ் ஆலைகளின் எடை மேடை முன் வரிசையாக நிற்கும். எடைச் சீட்டுகளைப் பதிவுசெய்யும் சர்வர் நிரலை ஒரு சிறு திருத்தத்துக்காக நிறுத்திவிட்டு உடனே தொடங்கும்போது, அது "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது) என்ற பிழைச் செய்தியுடன் நின்றுபோனால் அந்த வரிசை முழுவதும் காத்திருக்க நேரிடும். அவசரத்தில் கணினியையே ரீஸ்டார்ட் செய்தால் வேலை நடந்துவிடும். ஆனால் காரணத்தின் தடயமும் அதோடு அழிந்துவிடுவதால், அடுத்த முறையும் அதே பிழை வரும். எனவே முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே கை வைக்க வேண்டும். லினக்ஸ் கணினியில் 8080 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்) சர்வர் இயங்குவதாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதல் படியாக, டெர்மினலில் சூடோவுடன் (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) "எஸ்எஸ்" என்ற, இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை இயக்குங்கள். அதன் பின் ஒரு சிறு கோடும், டி, ஏ, என், பி ஆகிய நான்கு சிற்றெழுத்துகளும் இடைவெளியின்றி வர வேண்டும். சூடோ இல்லாவிட்டால் பிற பயனர்களின் நிரல் பெயர்கள் தெரியாது. கிடைக்கும் பட்டியலில் 8080 உள்ள வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடல் கட்டளை மூலம் பிரித்தெடுத்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தில் உள்ள நிலையையும் கடைசியில் உள்ள நிரலின் பெயரையும் பாருங்கள்.

"லிசன்" (புதிய இணைப்புகளுக்காகக் காத்திருத்தல்) என்ற நிலை தெரிந்தால், ஏதோ ஒரு நிரல் அந்தப் போர்ட்டை இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். கன்ட்ரோல்-இசட் அழுத்தி இடைநிறுத்திய பழைய சர்வராகவோ, அது தொடங்கிவைத்த துணை நிரலாகவோ அது இருக்கலாம். வரியின் இறுதியில் உள்ள பிஐடி என்ற நிரல் அடையாள எண்ணைக் கொண்டு, "கில்" கட்டளையால் முதலில் 15-ஆம் சிக்னலையே அனுப்புங்கள். எழுதிக்கொண்டிருக்கும் பதிவை முடித்துவிட்டு ஒழுங்காக வெளியேற நிரலுக்கு அது வாய்ப்புத் தருகிறது (இடைநிறுத்திய நிரலாக இருந்தால், அதைத் தொடரவிட்ட பிறகே இது செயல்படும்). 9-ஆம் சிக்னல் அந்த வாய்ப்பைத் தராது. எடைச் சீட்டு பாதியில் அறுந்துபோகலாம் என்பதால், வேறு வழியே இல்லாதபோதுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டி நிர்வகிக்கும் சர்வராக இருந்தால், "சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்" கொண்டே நிறுத்துங்கள்.

"குளோஸ்-வெயிட்" வரிகள் குவிந்திருந்தால் குறை நிரலுக்குள் இருக்கிறது. எதிர்முனை இணைப்பை முடித்துக்கொண்ட பிறகும் நம் நிரல் தன் சாக்கெட்டை (இணைப்பின் தன் பக்க முனையை) மூடவில்லை. இந்த நிலைக்குக் காலக்கெடு எதுவும் இல்லை; நிரல் மூடும்வரை அப்படியே நிற்கும்.

புதியவர்களை மிகவும் குழப்புவது "டைம்-வெயிட்" நிலைதான், ஏனென்றால் அந்த வரியில் எந்த நிரலின் பெயரும் இருக்காது. இணைப்புகளை நிர்வகிக்கும் டிசிபி நெறிமுறையின் விதிப்படி, இணைப்பை முதலில் மூடிய தரப்பே இந்த நிலையில் காத்திருக்கிறது. பணியாளர்களின் மொபைல்கள் சர்வருடன் இணைந்திருக்கும்போதே அதை நிறுத்தினால் முதலில் மூடுவது சர்வர்தான். ஆகவே காத்திருப்பும் அதன் பக்கம் வந்து சேர்கிறது. கடைசி ஒப்புகை வழியில் தொலைந்துபோனால் அதை மீண்டும் அனுப்பவும், பழைய இணைப்பின் பாக்கெட் (தரவுத் துண்டு) தாமதமாக வந்து புதிய இணைப்பின் தரவோடு கலந்துவிடாமல் தடுக்கவும் இந்தக் காத்திருப்பு தேவைப்படுகிறது. லினக்ஸில் இது 60 விநாடிகள். இதை ஒரு கோளாறாகக் கருதி ஒழித்துக்கட்ட முயல்வது தவறு என்பதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

சரியான தீர்வு நிரலில் ஒரே ஒரு வரி. சாக்கெட்டை உருவாக்கிய பின், அதைப் போர்ட்டுடன் பிணைக்கும் "பைண்ட்" அழைப்புக்கு முன்பாக, "செட்சாக்ஆப்ட்" மூலம் எஸ்ஓ_ரீயூஸ்ஏடிடிஆர் என்ற விருப்பத்தை 1 என அமையுங்கள். பைண்டுக்குப் பிறகு அமைத்தால் அந்தப் பைண்டுக்குப் பயன் இல்லை. லினக்ஸில் இது டைம்-வெயிட் போன்ற பழைய இணைப்புகளின் தடையை விலக்கும், லிசன் நிலையில் உள்ள வேறொரு நிரலின் போர்ட்டைப் பறிக்காது. ஆகையால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் இதைத் தானாகவே அமைத்துவிடுவதால், அங்கே இதே பிழை வந்தால் உயிருடன் உள்ள ஒரு நிரலைத்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அமைப்புகளை மாற்றச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள். "டிசிபி_ஃபின்_டைம்அவுட்" என்பது ஃபின்-வெயிட்-2 (எதிர்முனை மூடுவதற்காகக் காத்திருத்தல்) நிலைக்கு உரியது. அதைக் குறைத்தாலும் டைம்-வெயிட் குறையாது. "டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்" என்ற, டைம்-வெயிட்டை விரைவில் முடிக்கும் அமைப்போ, ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருந்து வரும் பல மொபைல்களின் இணைப்புகளைத் துண்டித்துவந்ததால், 2017-இல் வெளியான லினக்ஸ் 4.12 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இறுதியாகச் சோதித்துப் பாருங்கள். ஒரு மொபைல் இணைந்திருக்கும்போதே சர்வரை நிறுத்தி, உடனே தொடங்கி, எஸ்எஸ் பட்டியலை மறுபடி எடுத்தால், 8080-க்கு லிசன் வரியும் டைம்-வெயிட் வரியும் ஒருசேரத் தெரிய வேண்டும். திருத்தம் செய்த பின் முதல் முறை மட்டும் பழைய பிழையே வரக்கூடும். அந்த விருப்பம் இல்லாமல் திறக்கப்பட்ட முந்தைய சாக்கெட்டுகள் அப்போது இன்னும் காத்திருப்பில் இருக்கும் என்பதால், ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள்.