குடும்பத்தோடு கப்பல் பயணம்: எந்த அறையை எடுப்பது?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, சுவிஸில் இருக்கும் தங்கச்சியோடு மூன்று இரவு வட்ஸ்அப்பில் கதைத்து முடிவெடுத்த விஷயம் இது. அவள் குடும்பத்தில் மூன்று பேர், நாங்கள் நாலு பேர், அம்மாவோடு எட்டு. எல்லோரும் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பலில் ஏறுவதாகத் திட்டம். விமான ரிக்கெற்றுக்கும் விசாவுக்கும் கேட்க ஆட்கள் இருந்தார்கள். கப்பலில் எந்த அறையை எடுப்பது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஏஜென்ட் நாலு அறைகளின் படங்களை அனுப்பினார். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் நோவுள்ள அம்மாவும் இரண்டு வயதுக் குழந்தையும் அதற்குள் எப்படி இருப்பது என்பதை அந்தப் படங்களில் காண முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனை இப்படிக் கூட்டிப்போக நினைப்பதை இப்போது எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேள்விப்படுகிறேன். முதல் தடவை கப்பல் ஏறுகிறவர்களுக்காக, நாங்கள் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். விலைப்பட்டியலைக் கடைசியில் திறவுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த அறையில் படுக்கப்போகிற ஆட்களை.

படி 1: ஆட்களை எழுதுங்கள்

ஒரு தாளில் எல்லோருடைய பெயரையும் வயதையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று விஷயம்: எத்தனை மணிக்குப் படுப்பார், இரவில் எத்தனை தரம் எழும்பிக் குளியலறைக்குப் போவார், ஆட்டம் தாங்குவாரா. கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊர்க்காரருக்கு நல்ல பரீட்சை ஒன்று உண்டு. மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும்போது அந்தப் பதினெட்டு வளைவில் யார் சத்தி எடுப்பார் என்று யோசியுங்கள். அந்த ஆளுக்காகத்தான் அறையின் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

கைக்குழந்தை இருந்தால் வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையைப் பல கம்பனிகள் ஏற்றுவதில்லை. கரை தொடாமல் பல நாள் ஓடும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள்.

படி 2: நாலு வகையையும் விளங்கிக்கொள்ளுங்கள்

கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறினாலும் அடிப்படை நாலுதான்.

உள்ளறை கப்பலின் நடுவயிற்றில் இருக்கும். யன்னல் இல்லை. விளக்கை அணைத்தால் பகலிலும் கும்மிருட்டு. விலை ஆகக் குறைவு. பகலில் தூங்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல அறை கிடையாது. ஆனால் இருட்டில் விழித்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லும் பெரியவர்களுக்கு வேண்டாம். 2014இல் வந்த குவாண்டம் ஒவ் த சீஸ் கப்பலில் உள்ளறைச் சுவரில் பெரிய திரை வைத்து, வெளியே தெரியும் கடலை அப்படியே காட்டினார்கள். அப்படியான உள்ளறை கிடைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

கடல் பார்க்கும் அறையில் யன்னல் உண்டு, அதைத் திறக்க முடியாது. கீழ்த்தளங்களில் அது வட்டக் கண்ணாடியாகவும் இருக்கும். வெளிச்சம் வரும், காற்று வராது.

பால்கனி அறையில் கண்ணாடிக் கதவைத் திறந்தால் இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, கடல்.

சூட் என்பது பெரிய அறை, சிலவற்றில் தனி வரவேற்பறையோடு. நாலு நாள் பயணத்துக்கு அந்தக் காசு தேவையில்லை என்பது என் எண்ணம். அதே காசுக்கு இரண்டு சாதாரண அறை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

கப்பலின் வயதையும் பாருங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்த எம்ப்ரஸ் கப்பல் 1990இல் கட்டியது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் குறைவு, அறைகளும் சிறியவை. 2019இல் வந்த ஸ்பெக்ட்ரம் ஒவ் த சீஸ் போன்றவற்றில் பால்கனி அறைகள்தான் அதிகம். ஆகவே ‘உள்ளறை’ என்ற ஒரே சொல் இரண்டு கப்பல்களில் இரண்டு அளவைக் குறிக்கலாம்.

படி 3: முற்றத்தில் கயிறு கட்டிப் பாருங்கள்

இதைக் கட்டாயம் செய்யுங்கள். சாதாரண அறை ஒன்று 150 முதல் 180 சதுர அடிக்குள்தான் வரும். எங்கள் முற்றத்து மணலில் 10 அடி அகலம், 17 அடி நீளத்துக்குக் கயிறு கட்டினோம். அதற்குள் ஒரு மூலையைக் குளியலறைக்காகக் கோடு போட்டோம். இரட்டைக் கட்டிலுக்குப் பாய் விரித்தோம். சோபாவுக்கு ஒரு வாங்கு, அலுமாரிக்கு ஒரு பெட்டி. பிறகு நாலு பேரும் உள்ளே நின்றோம். என் மகன் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் மற்ற மூன்று பேரும் நகர வேண்டியிருந்தது. விலைப்பட்டியலை ஒரு மணி நேரம் பார்த்தும் விளங்காதது அங்கே இரண்டு நிமிடத்தில் விளங்கியது.

மூன்றாவது, நாலாவது ஆளுக்கான படுக்கை எங்கே என்றும் கேளுங்கள். சில அறைகளில் சோபாவே கட்டிலாக விரியும். சிலவற்றில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ ஒரு கட்டிலை இறக்கி ஏணி வைப்பார்கள். மட்டக்களப்பு இரவு மெயிலில் மேல் பேர்த்தில் படுத்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கொண்டாட்டம். சின்னக் குழந்தையையோ பெரியவரையோ அங்கே ஏற்ற வேண்டாம். குழந்தைக்குத் தொட்டில் கேட்டால் தருவார்கள். புக் பண்ணும்போதே சொல்லி வைக்க வேண்டும், அதற்கும் இடம் வேண்டும்.

படி 4: ஓர் அறையா, இரண்டா?

எங்கள் கதை அதிகம் ஓடியது இதில்தான். காசை மிச்சம் பிடிக்க நாலு பேர் ஓர் அறை என்ற கணக்கில் இரண்டு அறை போதும் என்று மச்சான் சொன்னார். கணக்கு சரி. ஆனால் நாலு பேருக்கு ஒரே குளியலறை. காலை ஏழு மணிக்குக் கரை இறங்க எல்லோரும் வெளிக்கிடும் நேரம். அம்மா சந்தியா வேளை விளக்கில்லாமல் இருக்கமாட்டா, பிள்ளைகள் விளக்கிருந்தால் தூங்கமாட்டார்கள்.

கடைசியில் மூன்று அறை எடுத்தோம். அம்மாவும் என் பதின்மூன்று வயது மகளும் ஒரு பால்கனி அறையில். நாங்களும் மகனும் பக்கத்து அறையில், இரண்டுக்கும் நடுவில் உள்கதவு. தங்கச்சி குடும்பம் நடைபாதைக்கு அந்தப் பக்கம் எதிரே உள்ளறையில். அவள் குழந்தை பகலில் இரண்டு மணி நேரம் தூங்கும், அதற்கு இருட்டு வசதி. கடல் பார்க்க எல்லோருக்கும் அம்மாவின் பால்கனி. அந்த ஒரு பால்கனியை எட்டுப் பேரும் அனுபவித்தோம். பின்னேரம் அங்கே அம்மாவைச் சுற்றி இருந்து தேநீர் குடித்த நேரம்தான் அந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் பார்த்தா அவ.

இந்த ஒழுங்கைச் செய்யும்போது இரண்டு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். ‘பக்கத்து அறை’ என்றால் சுவர் ஒன்றே, கதவு வெளியே. ‘கனெக்டிங் அறை’ என்றால் உள்ளே கதவு உண்டு. ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாகச் சொல்லக்கூடும். அறை எண்ணைக் கேட்டு, படி 5இல் சொல்லும் வரைபடத்தில் நீங்களே பாருங்கள். உள்கதவு உள்ள அறைகள் குறைவு, பள்ளி விடுமுறைக் காலத்தில் முதலில் முடிவதும் இவைதான். ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைக்குப் போகிறவர்கள் பல மாதம் முந்த வேண்டும். பிள்ளைகளைத் தனி அறையில் விடலாமா, ஒவ்வோர் அறையிலும் எத்தனை வயதுக்கு மேற்பட்டவர் இருக்க வேண்டும் என்பதையும் கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. நாலு கட்டில் உள்ள அறையைக்கூட நாலு பேருக்குத் தர முடியாது என்று சில நேரம் மறுப்பார்கள். அவசரத்தில் ஒவ்வொரு பகுதி ஆட்களும் கூட வேண்டிய இடமும் ஏற வேண்டிய உயிர்காப்புப் படகும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அந்தக் கணக்கு நிரம்பினால் அறையில் கட்டில் இருந்தும் பயன் இல்லை. சண்டை பிடிக்க வேண்டாம், வேறு தளத்தில் கேளுங்கள்.

பால்கனி பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கைப்பிடிச் சுவர் உயரம்தான், ஆனால் கதிரையில் ஏறினால் உயரம் இல்லை. கதிரைகளைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், பெரியவர் இல்லாத நேரம் கதவைப் பூட்டியே வையுங்கள். ஓடித் திரியும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை தூங்கும் அறைக்குப் பால்கனி இல்லாமல் இருப்பதே எனக்கு நிம்மதி.

படி 5: கப்பலின் வரைபடத்தைத் திறவுங்கள்

ஒவ்வொரு கம்பனியும் தளம் தளமாக வரைபடம் வெளியிடுகிறது. உங்கள் அறை எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலே நீச்சல் குளமோ சாப்பாட்டு மண்டபமோ இருந்தால் விடிய முன்னமே கதிரை இழுக்கும் சத்தம். கீழே நடன மண்டபம் இருந்தால் நடு இரவு வரை பாட்டு. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளம்தான் நல்லது. கப்பலின் மூக்குப் பக்கம் வேண்டாம், துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி ஓடும் சத்தம் அங்கேதான். மலிவாகக் கிடைக்கும் சில யன்னல் அறைகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். கடல் தெரியாது, வெளிச்சம் மட்டும். வரைபடத்தின் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தை வாசித்தால் அதுவும், உள்கதவு உள்ள அறைகளும் தெரியும்.

ஆட்டம் தாங்காதவருக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். எங்கள் வாவியில் தோணியில் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. முன்பக்கம், அணியத்தில் இருப்பவர்தான் ஏறி இறங்குவார், நடுவில் இருப்பவர் அவ்வளவு அசையமாட்டார். கப்பலும் அப்படித்தான், அதோடு உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். அம்மாவுக்காக எடுத்த பால்கனி அறை, பால்கனிகள் தொடங்கும் ஆகக் கீழான தளத்தில், நடுவில். லிப்டுக்கு நாலைந்து கதவு தள்ளி. லிப்டுக்கு முன்னால் என்றால் பேச்சுச் சத்தம், தூரம் என்றால் முழங்கால் நோவு.

போகும் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் காக்கும் கடல், அதனால் பெரும்பாலும் அமைதி. புக்கெட் பக்கத்து அந்தமான் கடல் தென்மேல் பருவத்தில், எங்கள் கச்சான் காலத்தில், கொந்தளிக்கும். சென்னையிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழி திறந்த வங்கக்கடல், வாடை காலத்தில் அது எப்படி இருக்கும் என்று கல்லடி மீனவரைக் கேட்டாலே போதும்.

நடக்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் ஒன்று கவனியுங்கள். சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் ஒரு மேடு இருக்கும், இரவில் கால் தட்டும். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறைகளில் அந்த மேடு இல்லை, கதவும் அகலம். அவை சிலதான், உண்மையாகத் தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கேளுங்கள்.

படி 6: ‘கேரண்டி’ என்றால் என்ன?

மலிவாக ஒரு தெரிவு காட்டுவார்கள். அறையின் வகையை நீங்கள் தெரிவு செய்யலாம், அறை எண் எது என்று கம்பனி பிறகு சொல்லும். தனியாகப் போகிறவருக்கு நல்லது. அக்கரைப்பற்றில் இருக்கும் என் சிநேகிதி இப்படி இரண்டு அறை எடுத்தா. ஒன்று ஆறாம் தளத்தில், மற்றது பத்தாம் தளத்தின் மறு அந்தத்தில். மாமியார் மூன்று நாளும் தனியாக வழி கண்டுபிடிக்கப் பயந்து, அறையிலேயே இருந்துவிட்டா. பெரியவரோ பிள்ளைகளோ இருந்தால் எண்ணைப் பார்த்தே எடுங்கள்.

படி 7: இப்போது விலை

காட்டும் விலை ஓர் அறைக்கு அல்ல, இரண்டு பேர் தங்கும் அறையில் ஓர் ஆளுக்கு. 500 டொலர் என்று போட்டிருந்தால் அறைக்கு 1000. மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு, சில நேரம் இலவசம். ஆனால் துறைமுக வரி குழந்தைக்கும் உண்டு. பணியாளர்களுக்கான சேவைப் பணம் ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கு, சூட் எடுத்தால் அது கூடும். எல்லாவற்றையும் கூட்டிய தொகையைக் கேட்டு, ஓர் அறை, இரண்டு அறை என்று இரண்டு கணக்கும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

படி 8: ஏறிய முதல் மணி நேரம்

பெட்டிகளைத் திறக்க முன்னம் அறை கவனிக்கும் பணியாளரைக் கூப்பிட்டு உள்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அது பூட்டித்தான் இருக்கும். மேல்கட்டிலை இறக்கிப் பாருங்கள், தொட்டில் வந்ததா பாருங்கள். வெற்றுப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். கேத்தலும் அயன்பெட்டியும் கொண்டுபோக வேண்டாம், தீப் பயத்தால் பல கப்பல்களில் எடுத்து வைத்துவிடுவார்கள். குழந்தையின் பாலுக்குச் சுடுதண்ணீர் சாப்பாட்டு மண்டபத்தில் கிடைக்கும், நல்ல ஒரு பிளாஸ்க் போதும். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் கழுவத் தண்ணீர்க் குழாய் இல்லாத கப்பல்கள் நிறைய, அதனால் சின்னக் கோப்பை ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அம்மா முதல் நாளே என்னிடம் கேட்ட சாமான் அதுதான்.