மலை ஏற பெரிய கேசட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் கியர் எல்லாம் தீர்ந்துபோய், மீதியை எழுந்து நின்று மிதித்தே ஏறியவர்கள் ஊர் திரும்பியதும் முதலில் தேடுவது பெரிய கேசட்டைத்தான், அதாவது சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கில் பெரியதை. தேடுவது சரிதான், ஆனால் காசு கொடுப்பதற்கு முன் பைக்கில் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு இலகுவான கியர் வேண்டும்? நிறைய ரோடு பைக்குகளில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்களும் (50/34), பின்னால் 11 பல்லிலிருந்து 28 பல் வரை போகும் கேசட்டும் (11-28) இருக்கும். அதில் கடைசி கியர் 34க்கு 28, பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சுமார் 1.21 சுற்று. ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டராகக் குறைந்தால் நிமிடத்துக்கு 49 முறைதான் பெடலைச் சுற்ற முடியும், அப்படியே ஒரு மணி நேரம் மிதித்தால் முட்டி கெஞ்சும். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்குக் கிட்டத்தட்ட 60 சுற்று. இந்த வித்தியாசம் பெரியது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. 11-28இல் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும், ஷிமானோ நிறுவனத்தின் 11-34இல் 11, 13, 15, 17 என்று தாவும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்றில் ஓட்டுகிறவருக்கு அந்த 14 இல்லாதது நன்றாகவே தெரியும். மலைக்கே போகாதவர் 34 வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சரி, 34 தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து பின் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம். ஒரு கடையில் “போட்டுடலாம் சார்” என்று சொல்லி எனக்கு 11-34 மாட்டிக் கொடுத்தார்கள், முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏறிய நேரத்தில் செயின் விறைத்து இழுத்து, டீரெய்லரைச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கர் வளைந்துபோனது. டீரெய்லரின் உட்பக்கத்தில் மாடல் எண் பொறித்திருக்கும், அதை வைத்து இரண்டு அளவுகளைத் தேடுங்கள்: அது தாங்கும் பெரிய பல்சக்கரம் எது, மொத்தக் கொள்ளளவு (எத்தனை பல் வித்தியாசம் வரை செயினின் தளர்வை அது இழுத்துப் பிடிக்கும் என்பது) எவ்வளவு. ஷிமானோ 105 ஆர்7000இல் குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) கொண்ட எஸ்எஸ் 30 பல் வரை, கொள்ளளவு 35. நீளக் கூண்டான ஜிஎஸ் 34 பல் வரை, கொள்ளளவு 39. கணக்கு எளிது, முன்னால் உள்ள வித்தியாசம் 50-34=16, பின்னால் 34-11=23, கூட்டினால் 39. ஆக ஜிஎஸ் சரியாகப் பொருந்தும், எஸ்எஸ் பொருந்தாது. டீரெய்லருக்கும் பல்சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டும் பி-ஸ்க்ரூவைத் திருகி எஸ்எஸ்ஸில் 32 ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டர் 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) என்றால் கேசட்டும் செயினும் 11 தான். ஸ்பீடு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது: ஷிமானோவின் டியாக்ரா 4700 என்ற தொகுப்பு 10 ஸ்பீடுதான், ஆனால் கேபிளை இழுக்கும் அளவு பழைய 10 ஸ்பீடிலிருந்து வேறு, அதனால் 4700 ஷிஃப்டரோடு பழைய டீரெய்லரைச் சேர்த்தால் கியர் ஒழுங்காக விழாது.

அப்புறம் பின்சக்கர ஹப், அதாவது கேசட் ஏறும் சக்கர நடுப்பாகம். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கும், அதில் கேசட் ஏறாது, சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் கேசட் ஏறும் பகுதி பழைய 10 ஸ்பீடு ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம், எனவே சாதாரண 11 ஸ்பீடு ரோடு கேசட் பழைய ஹப்பில் உட்காராது. ஆனால் எச்ஜி700, எச்ஜி800 என்ற 11-34 கேசட்டுகள் பழைய ஹப்பிலேயே ஏறும், புதிய ஹப்பில் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வைக்க வேண்டும்.

கடைசியாகச் செயின். பழைய செயின் 28க்கு அளந்து வெட்டியது, 34க்குப் போதாமல் போகலாம். டீரெய்லருக்குள் நுழைக்காமல் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரங்களின் மேல் சுற்றி, கூடுதலாக இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். ரோட்டில் இறங்கும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையாலேயே பெடலைச் சுற்றி, பெரியதுக்குப் பெரியது ஒரு முறை மெதுவாகப் போட்டுப் பாருங்கள். கூண்டு முழுதாக நீண்டு விறைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.