ஓசூரிலிருந்தே பெங்களூரு போஸ்ட்பெய்டை முடித்த வழி

ஓசூரில் பலரிடம் இருப்பது பெங்களூரில் வாங்கிய போஸ்ட்பெய்டு சிம். ரத்து செய்யக் கேட்டால், "கர்நாடகா நம்பர், அங்கதான் போகணும்" என்று கையை விரிப்பார்கள். கெஞ்சவே வேண்டாம். நம்பரை வேறு நிறுவனத்தின் ப்ரீபெய்டுக்கு மாற்றினால் பழைய இணைப்பு தானே முடிந்துவிடும். எனக்குப் பலித்தது இதுதான்.

முதலில் வந்திருக்கும் பில்லைக் கட்டுங்கள். கெடு தாண்டிய பாக்கி இருந்தால், நம்பரை மாற்றத் தேவையான கோடு (code) கிடைக்காது. இணைப்பு எடுத்து 90 நாள் ஆகாவிட்டாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘PORT’, ஓர் இடைவெளி, 10 இலக்க நம்பர் என்று டைப் செய்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிலாக வரும் 8 எழுத்துக் கோடு 4 நாள்தான் செல்லும், அதற்குள் ஆதாரோடு புது நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள். மாநிலம் மாறுவதால் 5 வேலை நாள் வரை இழுக்கும்.

கடைசி பில் அதன்பிறகுதான் வரும். கட்டாமல் விட்டால் புது சிம்மையே நிறுத்தச் சொல்லப் பழைய நிறுவனத்துக்கு வழி உண்டு. ஆட்டோபேயை அதைக் கட்டியபின் நீக்குங்கள்.