ஆஸ்கி மதிப்பெண்ணும் ஹவுஸ் சர்ஜன் வேலையும்: தொடர்பை அளப்பது எப்படி

மருத்துவ மாணவர்கள் ஸ்டேஷன் எனப்படும் பல சிறு நிலையங்களுக்கு வரிசையாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வுதான் ஆஸ்கி (OSCE). இறுதியாண்டு ஆஸ்கி தேர்வில் நன்றாகச் செய்தவர் ஹவுஸ் சர்ஜனாக வார்டிலும் நன்றாகச் செய்வாரா? ஊகமாகப் பேச வேண்டியதில்லை. ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி நடக்கும் எந்தக் கல்லூரியும் தன் மாணவர்களை வைத்தே இதை அளந்து பார்க்கலாம். தொடங்கும் முன் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். பெயர்களை நீக்கிக் குறியீட்டு எண் கொடுங்கள்.

முதலில் மொத்த மதிப்பெண்ணைப் பிரியுங்கள். நோயாளியிடம் பேசும் விதம், நோய் விவரம் கேட்பது, உடல் பரிசோதனை, கேஸ் குறிப்பு ஆகியவை தனித்தனி மதிப்பெண்களாக இருக்கட்டும். கனடாவில் 1993 முதல் 1996 வரை மருத்துவத் திறன் தேர்வு எழுதி, ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் உரிமம் பெற்ற 3,424 மருத்துவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2007இல் முடிவு வெளியானது: பேச்சுத் திறனில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மீது பிற்காலத்தில் அதிகப் புகார்கள் வந்திருந்தன. பேச்சுத் திறனைத் தனியாகக் குறித்து வைத்ததால்தான் இது தெரிந்தது. அமெரிக்காவில் 2004இல் தொடங்கி 2021 ஜனவரியில் கைவிடப்பட்ட ஸ்டெப் 2 சிஎஸ் என்ற மருத்துவ உரிமச் செய்முறைத் தேர்வோ, தேர்ச்சி அல்லது தோல்வி என்றுதான் முடிவு சொன்னது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள், தேறியவர்களுக்குள் இருந்த வேறுபாடு பயிற்சி கொடுப்பவர் கைக்கு வரவில்லை.

செக்லிஸ்ட் மதிப்பெண்ணோடு (செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் டிக் அடித்துத் தருவது) ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் (மொத்தத்தில் எப்படிச் செய்தார் என்ற தேர்வாளரின் கணிப்பு) சேர்த்துப் பதியுங்கள். நெஞ்சுவலி ஸ்டேஷனில் ஒருவர், “வலி கைக்குப் போகுதா, தாடைக்குப் போகுதா?” என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இன்னொருவர், “வலி எங்கெல்லாம் போகுதுங்க?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். செக்லிஸ்டில் இருவருக்கும் அதே 1 மதிப்பெண். வார்டில் இருவரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான ஆய்வுகள் கெடுவது வார்டுப் பக்கத்தில்தான். போஸ்டிங் முடியும் நாளில் நிரப்பும் படிவத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் ‘நன்று’ விழுகிறது. எல்லாரும் ஒரே மதிப்பெண் வாங்கினால், எந்தத் தேர்வாலும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் மினி-செக்ஸ் (mini-CEX) என்ற மதிப்பீட்டு முறையை வையுங்கள்: நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று 15–20 நிமிடம் கவனித்து, 9 புள்ளி அளவில் மதிப்பிடுவது. ஒருவருக்கு 8 முதல் 10 முறை, குறைந்தது 4 வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள், முதல் 4 மாதத்துக்குள். நாளாக ஆக வார்டு அனுபவம் பழைய வேறுபாட்டை மறைத்துவிடும். மதிப்பீட்டாளருக்கு ஆஸ்கி மதிப்பெண் தெரியவே கூடாது. சில யூனிட்டில் கை தாராளம், சில யூனிட்டில் இறுக்கம். ஆகவே ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்த யூனிட்டின் சராசரியைக் கழித்துவிடுங்கள்.

தோற்று மறுபடி எழுதியவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களின் முதல் முயற்சி மதிப்பெண்ணைச் சேருங்கள். கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டால் தொடர்பு இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும்.

எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவு (correlation): 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. 50 பேரிடம் ஒட்டுறவு 0.3 வந்தால், அதன் 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 0.02 முதல் 0.53 வரை விரிகிறது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 0.3 அளவுத் தொடர்பை 80% உறுதியுடன் பிடிக்க ஏறத்தாழ 85 பேர் வேண்டும். இரண்டு பேட்சைச் சேர்ப்பது நல்லது.

அடுத்து, இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தால் எவ்வளவு தூரம் அதே முடிவு வரும் என்பது (1 என்றால் பிழையே இல்லை). இது குறைந்தால் ஒட்டுறவும் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும், அதைக் கணக்கில் திருத்தலாம். ஆஸ்கிக்கு 0.6, வார்டு மதிப்பீட்டுக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.3, அதன் வர்க்கமூலம் 0.55. கிடைத்த ஒட்டுறவு 0.25 என்றால், 0.55ஆல் வகுக்க 0.45 வருகிறது. “தேர்வால் பயனில்லை” என்று பலர் கைவிடும் 0.25இன் பின்னால் இவ்வளவு இருக்கலாம். இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஆனால் திருத்திய எண்ணைக் காட்டித் தனி ஒருவரைத் தரம் பிரிக்காதீர்கள். அவருடைய மதிப்பெண்ணில் உள்ள பிழை அப்படியேதான் இருக்கிறது.

பேச்சுத் திறனில் தொடர்பு நிலைத்தால், கடைசிக் கால்பகுதியில் உள்ளவர்களுக்குப் பயிற்சியின் முதல் மாதத்திலேயே ஒரு மூத்தவர் வாரம் ஒருமுறை கூட நின்று கவனித்துத் திருத்தட்டும். அந்தப் பட்டியல் மதிப்பீட்டாளர்கள் கைக்குப் போகக் கூடாது.