ஆடம்ஸின் வானம் சுங்கை சிப்புட்டில் கிடைக்காது: பெரிய ஃபிலிம் கேமராக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஷீட் ஃபிலிம் (ஒரு படத்துக்கு ஒரு தனி ஃபிலிம் தாள்) போடுகிற பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே குழியில் போய் விழுகிறார்கள். நானும் அதைத் தாண்டி வந்தவன் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஃபிலிமை மாட்டும் ஹோல்டரில் அதைப் புரட்டிப் போடுவது, ஷட்டரை மூடாமலே ஃபிலிமை மறைக்கும் ஸ்லைடை உருவுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு ஃபிலிம் வீணானால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். யாருடைய படங்களைப் பார்த்து இந்தக் கலைக்குள் வந்தோமோ, அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பெரிய நஷ்டம் வருகிறது.

ஆடம்ஸின் கருத்த வானத்தை இங்கே தேடுவது

அமெரிக்க நிலக்காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுத்த கதை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். கையில் மிச்சம் இருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனத்தில் தெரிந்த படம் அதில் வராது என்று பட்டதும், கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கருத்தது, பாறை எழுந்து நின்றது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்பு ஃபில்டர் வாங்காத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அவர் எங்கே நின்று எடுத்தார் என்று யாரும் யோசிப்பதில்லை. உயரமான மலை, காய்ந்த காற்று, பனி, ஆழ்ந்த நீல வானம். நீல ஒளியைச் சிவப்பு ஃபில்டர் உள்ளே விடாது, அதனால் வானம் கருத்தது. நம் பேராக் வானமோ பாதி நாள் வெளுத்துக் கிடக்கும். ஈரக்காற்று, மேகம், சில மாதங்களில் புகைமூட்டம் வேறு. வெள்ளை ஒளியில் சிவப்பும் கலந்தே இருக்கிறது. என்ன ஃபில்டர் போட்டாலும் அந்த வானம் வெள்ளையாகத்தான் விழும்.

போன வருஷம் ஒரு தம்பி வந்தான். ஈப்போவில் வேலை, 4×5 அங்குல ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தான். அவன் பாட்டி வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். “அண்ணே, பாட்டிய பால்மரக் காட்டுக்குள்ள நிக்க வச்சு எடுக்கணும். ஆடம்ஸ் படம் மாதிரி சுத்தி கருப்பா, கம்பீரமா வரணும்” என்றான். சிவப்பு ஃபில்டர் வேண்டாம் என்று சொன்னேன். அவன் மனத்தில் ஹாஃப் டோம் உட்கார்ந்துவிட்டது, கேட்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். காலை நேரம், மரத்தடி நிழல், 100 ஐஎஸ்ஓ ஃபிலிம். ஃபில்டர் இல்லாமல் மீட்டர் 1 நொடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25-ஆம் எண் சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் ஒளியைத் தின்னும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும், நேரம் இரட்டிக்க வேண்டும்; ஆக 8 நொடி. இலை வழியாக வடிந்து வரும் ஒளியில் சிவப்பு ஏற்கெனவே குறைவு, அதனால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். அதோடு முடிந்ததா? நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் தளர்ந்துவிடும். அவன் போட்டிருந்தது ஃபோமாபான் 100. அந்த நிறுவனம் தரும் அட்டவணைப்படி மீட்டர் 1 நொடி காட்டினால் 2 நொடி, 10 நொடி காட்டினால் 80 நொடி கொடுக்க வேண்டும். ஆகக்கூடி ஒரு நிமிஷம். வயதான மனுஷி வாளியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் எப்படி நிற்பார்?

பாட்டி நின்றார். பேரனுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். முகம் லேசாகத்தான் கலைந்திருந்தது. ஆனால் பிரிண்டைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிவப்பு ஃபில்டர் மாநிறத்தையும் கருநிறத்தையும் வெளுக்க வைக்கும். பாட்டியின் முகம் சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் மங்கிவிட்டன, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு தோலோடு தோலாகக் கரைந்துவிட்டது. நெற்றியில் அகலமாக வைத்திருந்த குங்குமத்தைக் காணவே இல்லை. சிவப்புப் பொட்டு சிவப்பு ஃபில்டரில் வெளுத்து, நெற்றியின் நிறத்தோடு ஒன்றாகிவிட்டது. பின்னால் பச்சை இலையெல்லாம் தார் போலக் கருப்பு. அந்த வெள்ளை முகத்தைப் பாட்டியே யாரென்று கேட்டிருப்பார்.

திரும்ப எடுக்கலாம் என்று போனபோது அந்த மர நிரையே இல்லை. செம்பனை நடுவதற்காகப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். தோட்டப்புறத்தில் ‘அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்’ என்பது பல நேரம் நடக்காது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் அப்படித்தான்.

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சிவப்பு ஃபில்டர் போட்டால் படம் கம்பீரமாக வரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவர்கள் மேல்தான். ஆடம்ஸ் அன்று மலையில் செய்தது என்ன? இந்தப் பாறை, இந்த வானம், இவை தாளில் என்ன நிறத்தில் வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார். ஃபில்டர் அதற்குப் பிறகு வந்தது. அதே கேள்வியைப் பாட்டி முகத்தை வைத்துக் கேட்டிருந்தால் விடை வேறாக வந்திருக்கும்: முகம் கருப்பாக, சுருக்கம் தெளிவாக, பொட்டு அழுத்தமாக, இலை வெளிச்சமாக. அதற்கு ஃபில்டரே வேண்டாம், அல்லது மஞ்சள்-பச்சை ஃபில்டர் போதும். சிவப்பொளியை உணராத ஆர்த்தோ ஃபிலிமும் உண்டு. இல்ஃபோர்டின் ஆர்த்தோ பிளஸ் வெயிலில் 80 ஐஎஸ்ஓ. பொட்டும் உதடும் அதில் கருப்பாக விழும், தோலின் வரிகள் ஒவ்வொன்றும் தெரியும்.

1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் நிலவு எழும் படத்தை எடுத்தபோது ஆடம்ஸுக்கு லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். ஒரு படம் எடுத்து, அடுத்ததை எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான். பால்மரக் காட்டில் காலை ஏழரைக்கு என்ன ஒளி, பிப்ரவரி மார்ச்சில் இலை உதிர்ந்த பிறகு எத்தனை ஸ்டாப் கூடுகிறது, நிரையின் ஓரத்துக்கும் உள்ளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிய வேண்டும்.

வெள்ளை வானத்தைக் குறையாக நினைப்பது

பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி ஜெர்மனியில் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளைத் தேடிப் போய் எடுத்தார்கள், அப்போதுதான் நிழல் விழாமல் வடிவம் மட்டும் தெரியும். நமக்கு அந்த வானம் பாதி வருஷம் இலவசமாகக் கிடைக்கிறது. ரப்பர் தாள்களைப் புகையில் காயவைக்கும் தோட்டத்துப் புகைக்கூடம், ரப்பர் பாலைச் சேர்க்கும் ஸ்டோர், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி இவற்றை எடுக்க நினைப்பவர் ஆடம்ஸை ஓரமாக வைத்துவிட்டு பெக்கர்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொருவர் நம் ஊர்களிலேயே வேலை செய்தவர். லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்து, 21 படங்களை ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகவே வரும். சில படங்களில் நெகட்டிவ் மேலேயே மேகத்தைத் தீட்டினார். மற்றவற்றில் கோபுரத்தின் கோட்டை அந்த வெள்ளைக்கு எதிரே கத்தி போல் நிறுத்தினார். தமிழ் பேசுகிற படக்காரர்கள் யோசெமிட்டி வரை போய்விட்டு தஞ்சாவூரை எட்டிப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அவெடனைப் பார்த்து ஸ்டூடியோ விளக்கு வாங்குவது

அமெரிக்கப் படக்காரர் ரிச்சர்ட் அவெடனின் வெள்ளைப் பின்னணி உருவப்படங்களைப் பார்த்து ஸ்டூடியோ விளக்கு வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் அவர் எடுத்த படங்கள் திறந்தவெளி நிழலில், வெள்ளைத் தாளுக்கு முன் எடுத்தவை. கோயில் சுவரின் நிழற்பக்கம் போதும்.

கிழிந்த சட்டையைத் தேடுவது

ஜெர்மன் படக்காரர் ஆகஸ்ட் சாண்டர் பெயரைச் சொல்லிக்கொண்டு லயத்துக்குப் போகிறவர்கள் பெரியவர்களைப் பழைய வேலைச் சட்டையைப் போடச் சொல்கிறார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி கட்டி, கைக்கடிகாரம் மாட்டி, திருநீறு பூசி வந்து நின்றால் இவர்களுக்கு ஏமாற்றம். சாண்டர் 1914-இல் எடுத்த மூன்று இளம் விவசாயிகளைப் பாருங்கள். நடனத்துக்குப் போகிற வழியில், கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக நிற்கிறார்கள். அவர்கள் எப்படித் தெரிய விரும்பினார்களோ அதிலேயே அவர்கள் வாழ்க்கை தெரிகிறது. வேட்டியோடு எடுங்கள்.

ஆரம்பத்திலேயே 8×10 அங்குலக் கேமரா வாங்குவது

வேண்டாம். 4×5 போதும்.

என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) இல்லை என்று பிரிண்ட் போடாமல் விடுவது

அமெரிக்கப் படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த குடமிளகாய்ப் படம் 8×10 நெகட்டிவைத் தாள் மேல் வைத்துப் போட்ட கான்டாக்ட் பிரிண்ட். 4×5 நெகட்டிவுக்கும் அதே முறைதான். இருட்டறை, சிவப்பு விளக்கு, ஒரு கண்ணாடி, மேலே ஒரு சாதாரண பல்பு, ரசாயனக் கரைசல்களுக்கு மூன்று தட்டு. உள்ளங்கை அளவு வரும். படத்தில் நிற்பவருக்கு முதல் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.