சவரன் கணக்கு எங்கே சறுக்குகிறது?

நகைக்கடைப் பலகையில் போட்டிருக்கும் 'ஒரு சவரன்' என்பது 8 கிராம், 22 காரட். சாவரின் என்ற பிரிட்டிஷ் பொற்காசின் பெயர்தான் இங்கே எடையாகிவிட்டது. பவுன் என்றாலும் அதேதான். ஆனால் அந்தக் காசு 8 கிராம் இல்லை. 1817 முதல் அடித்துவரும் காசின் எடை 7.988 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.322 கிராம்.

இந்த 12 மில்லிகிராமால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. காரட்டைக் கலந்தால்தான் கணக்கு உதைக்கும். பாட்டி வைத்துப்போன காசுக்கு 24 காரட் கிராம் விலையை எட்டால் பெருக்கினால், உண்மை மதிப்பைவிட 9 சதவீதம் கூடுதலாக வரும். அதை நம்பிக் கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு. 22 காரட் விலை என்றால் 7.988-ஆல் பெருக்குங்கள், 24 காரட் விலை என்றால் 7.322-ஆல்.

அடுத்தது புள்ளி. 1.4 சவரன் என்று எழுதியிருந்தால் 11.2 கிராம். 'ஒரு பவுன் நாலு கிராம்' என்பது 12 கிராம், அதாவது 1.5 சவரன். வாய்ப்பேச்சில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். பில்லில் கிராமை மட்டும் பாருங்கள்.

கல் வைத்த நகையில் இன்னும் கவனம் வேண்டும். 40 கிராம் நெக்லஸில் கல் மட்டும் 3 கிராம் என்றால் தங்கம் 37 கிராம், நாலரைச் சவரனுக்குச் சற்று மேலே. 'அஞ்சு பவுன் நெக்லஸ்' இல்லை. மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தைப் பற்றிய பழைய எழுத்தில் 'நூறு பவுன் சம்பளம்' என்று வந்தால் அது பவுண்டு என்ற பணம், தங்க எடை இல்லை.

ராஜா தலை இருப்பதெல்லாம் சாவரின் ஆகிவிடாது. பட்டறையில் அச்சடித்த காசுகளும் புழங்குகின்றன. அசல் காசின் விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52. அதே அளவில் பித்தளைக் காசு ஏறக்குறைய பாதி எடைதான் நிற்கும். காசுமாலையில் வளையம் பற்றவைத்த காசு எடை கூடக் காட்டும், சேகரிப்பாளரிடம் விலை குறையும். 1918 காசு கையில் இருந்தால் உருக்கப் போடுமுன் பின்பக்கத்தில் இருக்கும் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே பாருங்கள்: ஆங்கில 'ஐ' (I) எழுத்து ஒன்று சின்னதாகப் பொறித்திருந்தால் அது பம்பாயில் அடித்தது. அந்த ஓர் ஆண்டு மட்டுமே அங்கே அடித்தார்கள்.